கழுத்து நிழல்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு அங்க வேண்டாம். இங்கன இருந்தாத்தான் உங்க முகம் நல்லாத் தெரியுது. தப்பா நினைச்சுக்கிடாதிய. இடது பக்கத்துல இருந்து வெயில் வருதா, மூக்குக்கு இந்தப் பக்கம் நல்ல நிழல் விழுந்திருக்கு. கொஞ்சம் அசையாம இருந்தா இன்னும் நல்லாருக்கும். சரி சரி, அசைஞ்சுக்கிடுங்க, நான் என்ன இப்ப வரையவா போறேன்?

என் பேரு பூதலிங்கம். டெபுடி தாசில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். இப்ப ஓவியன். சிரிக்காதிய சார். முதல் பரிசு வாங்கினவன். அந்தப் பரிசை வாங்குன அன்னைக்கு என் பொஞ்சாதியே இருநூறு பேருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு, "இதுக்குப் பரிசு குடுக்காதிய"ன்னு சொன்னா. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். நீங்க கேக்கல, தெரியும். கொடைக்கானல் வரைக்கும் பஸ்ஸுல சும்மா உக்காந்துக்கிட்டா போவ முடியும்?

ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டு வீட்டுல கொண்டாந்து விட்டாங்க. மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாத்தேன், வீடு நிர்வாகமே இல்லாமக் கிடக்கு. முப்பத்திமூணு வருஷமா செண்பகம் தனியா நடத்திக்கிட்டிருந்த வீடு. செண்பகம்னா என் பொஞ்சாதி. பாவம், வழிகாட்ட ஆளில்ல. அஞ்சறைப் பெட்டியில கடுகுக்குப் பக்கத்துல மஞ்சப் பொடி இருக்கு. எந்த அடிப்படையில இருக்குன்னு கேட்டேன். "கைக்கு வர்ற அடிப்படையில"ங்கா. எல்லாத்தையும் எடுத்து அகர வரிசையில வச்சிக் குடுத்தேன். கடுகு, சீரகம், மஞ்சள், மிளகு, வெந்தயம். வெண்டைக்காயை எத்தனை அங்குலத்துல நறுக்கணும், துணி காயப் போடும்போது எது முன்னால எது பின்னால, இட்லிப் பானையில தண்ணி எந்த மட்டம் வரைக்கும் இருக்கணும், எல்லாத்தையும் கூடவே நின்னு எடுத்துச் சொன்னேன். அவ குளத்துப் பக்கம் நடக்கப் போனாலும் நானும் போனேன். ஒரு நிமிஷம் அவளைத் தனியா விடல சார். அப்படி ஒரு பாசம்.

ரெண்டு மாசத்துல அவளுக்குத் தலைவலி வந்துட்டு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் அவகிட்ட என்ன செய்யுதுன்னு கேட்டார், நான் எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். பிரஷர் கூடியிருக்குன்னுட்டார். "வீட்டுல ஏதாவது மாற்றம் உண்டா"ன்னு கேட்டார். "ஒண்ணும் இல்லை, நான் ரிட்டயர் ஆனதுதான்"னேன். டாக்டர் என்னை ரொம்ப நேரம் பாத்தார். எதுக்குப் பாத்தார்னு தெரியல.

அந்த வாரம் பேப்பருக்குள்ள ஒரு நோட்டீசு இருந்துச்சு. ஓவிய வகுப்பு, வயது வரம்பு இல்லை. செண்பகம் அதை ஓரத்துல கத்தரிச்சு என் சட்டைப் பையில வச்சிட்டா. "எனக்கு வரையத் தெரியாதே"ன்னேன். "அன்னைக்குக் கல்யாணப் பத்திரிகை மூலையில ஒரு கிளி வரைஞ்சிருந்தியளே, அப்பவே நினைச்சேன்"ங்கா. அது மயிலு சார். ஆனா என்னமா கவனிச்சிருக்கா பாத்தியளா? ஆட்டோ பிடிச்சு அவளே கொண்டு போய்ச் சேத்தா.

பாளையங்கோட்டையில ரூபி டீச்சர் வீட்டு முன்னறைதான் வகுப்பு. அந்தம்மா ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்து ஓய்வு வாங்கினவுக. முதல் நாளு ஜன்னல் ஓரமா வெள்ளைத் துணி விரிச்சு அது மேல ஒரு கோழி முட்டையை வச்சாவ. வரைங்கன்னாவ. நான் அரை நிமிஷத்துல வரைஞ்சு நீட்டிட்டேன். வாங்கிப் பாத்தாவ.

"சைபர் போட்டிருக்கிய சார். முட்டை எங்க?"

"அதான் முட்டை."

"முட்டைக்குக் கோடு கிடையாது சார். இந்தப் பக்கம் வெளிச்சம் விழுது, அந்தப் பக்கம் நிழல் சாயுது. அதை மட்டும் வரைங்க. முட்டை தானா வந்துரும்."

எனக்குச் சரியான கோவம். எல்லைக்கோடு இல்லாம ஒரு சொத்து இருக்க முடியுமா? எத்தனை நிலத்தை அளந்து கல்லு நட்டவன் நான்! இதை டீச்சர்கிட்ட முக்கால் மணி நேரம் விளக்கிச் சொன்னேன். பட்டா, புல வரைபடம், நத்தம் புறம்போக்கு எல்லாம். கூட இருந்த ஆறு பேரும் பென்சிலைக் கீழ வச்சிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவ்வளவு ஆர்வம். டீச்சர் பொறுமையாக் கேட்டுட்டு, மேசையில இருந்து ஒரு சிக்ஸ் பி பென்சில் எடுத்து, "இதைப் பல்லுல கடிச்சுக்கிடுங்க சார்"னாவ. "எதுக்கு?" "கையில டூ பி வச்சு வெளிச்சத்தை வரைங்க. அடர்த்தி வேணும்போது உடனே எடுக்க வாயில சிக்ஸ் பி இருக்கணும்." நல்ல முறைதான? மத்தவங்க யாருக்கும் அந்த முறையை அவங்க சொல்லிக் குடுக்கல. எனக்கு மட்டுந்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல சாப்பாட்டு மேசையில ஒரு பித்தளைச் செம்பை வச்சு, பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். வரைஞ்சு முடிச்சு நிமிந்து பாத்தா ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிப்போச்சு. அடுக்களை வாசல்ல செண்பகம் நிக்கா. கோயில்ல தீபாராதனை பாக்குத மாதிரி ரெண்டு கையையும் சேத்து வச்சுக்கிட்டு நிக்கா. "நல்லா வந்திருக்கா?"ன்னேன். "ரொம்ப நல்லாருக்கு. ஆனா நிழல் இன்னும் சேரல. திரும்ப வரைங்க"ன்னா. மறுநாள் கடைக்குப் போயி டஜன் பென்சில் வாங்கிட்டு வந்தா. அவளுக்கு ஒரு சேலை எடுக்கணும்னாலே மூணு மாசம் யோசிப்பா சார்.

அப்புறம் அவளே ரூபி டீச்சருக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினா. என்ன பேசினாங்களோ, மாடியறையில வடக்கு ஜன்னல்ல வர்ற வெளிச்சந்தான் ஆடாம நிக்கும், அங்க வச்சுத்தான் வரையணும்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. காலையில ஒன்பதுல இருந்து ஒண்ணு, திரும்ப மூணுல இருந்து ஆறு. மாடியறையை அவளே ஒழிச்சுக் குடுத்தா. காப்பியைக் கொண்டு வந்து சத்தம் போடாம வாசல்ல வச்சிட்டு, கால் நுனியில நடந்து போவா. கலைஞனுக்கு அப்படி மரியாதை குடுக்கிற பொம்பளையை நான் வேற எங்கயும் பாக்கல.

நானும் விடல. கத்திரிக்காய், செருப்பு, பூசணிக்காய், மடிச்சு வச்ச குடை. வெள்ளையில இருந்து கறுப்பு வரைக்கும் பத்துக் கட்டம் போட்டு, படிப்படியா இருட்டு ஏத்தணும், அதை நாப்பது தடவை போட்டேன். ஒவ்வொண்ணு முடிச்சதும் கீழ ஓடி வருவேன். "செண்பகம், முடிஞ்சிட்டு!" அவ பாப்பா. "நிழல் சேரலையே"ம்பா. திரும்ப மாடிக்குப் போவேன். ஒரு தடவை நான் தாளைத் திருப்பக்கூட இல்ல சார், வெறும் முதுகுப் பக்கந்தான் தெரியுது, அதுக்குள்ள "நிழல் சேரல"ன்னுட்டா. அப்படி ஒரு கண்ணு அவளுக்கு!

பிரஷரும் இறங்கிட்டு. டாக்டர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சார். ஓவியம் வரையறவங்க இருக்கிற வீட்டுல ஒரு சாந்தி வந்துரும்னு நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். "வந்துரும், வந்துரும்"னார்.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன். ஐப்பசி மாசம். மழை விட்டு நல்ல வெயில் அடிச்ச ஒரு காலை. பதினோரு மணி இருக்கும். பென்சில் சீவுற பிளேடு ஒடிஞ்சு போச்சு. வேற எடுக்கலாம்னு இறங்குனேன். பாதிப் படியில நின்னுட்டேன்.

கீழ ஜன்னல் ஓரத்துப் பிரம்பு நாற்காலியில செண்பகம் உக்காந்திருக்கா. காலைத் தூக்கி முக்காலி மேல போட்டிருக்கா. ரெண்டு கையிலயும் ஒரு தம்ளர். குடிக்கல. டிவி ஓடல. போன் இல்ல. காய் நறுக்கல. சும்மா இருக்கா சார். சும்மா. எனக்கு முதல்ல பயமாப் போச்சு, மேலுக்குச் சரியில்லையோன்னு. "செண்பகம்!"னு கூப்பிடத்தான் வாயெடுத்தேன். வாயில சிக்ஸ் பி இருந்துச்சு. கையில அட்டையும் தாளும் இருந்துச்சு. அப்படியே படியில உக்காந்துட்டேன்.

இடது கன்னத்துல வெயில் விழுந்து நெத்தி வரைக்கும் வெள்ளையா இருக்கு. வலது பக்கம் மெல்ல மெல்ல இருட்டிக்கிட்டே போய், காது கிட்ட சுவத்து நிழலோட சேந்து போச்சு. எங்க முகம் முடியுது, எங்க சுவர் ஆரம்பிக்குன்னு சொல்ல முடியல. எல்லைக்கல்லே இல்ல! தாடைக்குக் கீழ கழுத்துல நல்ல நிழல். அந்த நிழலுக்குள்ள, கையில இருந்த எவர்சில்வர் தம்ளர்ல பட்ட வெளிச்சம் திரும்பி மேல அடிச்சு, லேசா ஒரு வெளுப்பு. நிழலுக்குள்ளயும் வெளிச்சம் இருக்கும்னு ரூபி டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாவ. நான் நம்பல. அன்னைக்குப் பாத்தேன்.

அப்புறம் அந்த முகம். என்னன்னு சொல்ல? சிரிக்கல, ஆனா சிரிச்சு முடிச்ச முகம் மாதிரி இருக்கு. நெத்தியில எப்பவும் இருக்கிற அந்த ரெண்டு கோடு இல்ல. யாரோ ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி காணாமப் போயிருக்கு. முப்பத்திமூணு வருஷம் சார். கல்யாணத்துல பாத்திருக்கேன், பிள்ளை பெத்தப்ப பாத்திருக்கேன், மகளைக் கட்டிக் குடுத்தப்ப பாத்திருக்கேன். அந்த முகத்தை மட்டும் பாத்ததில்ல. இத்தனை நாளும் எங்க வச்சிருந்தான்னு தெரியல.

ஒண்ணரை மணி நேரம். வரைஞ்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில அவ தம்ளரைக் கீழ வச்சிட்டு "அப்பாடா"ன்னா. நான் பூனை மாதிரி மாடிக்கு ஏறிட்டேன். ஏன் அவகிட்ட காட்டலைன்னு எனக்கே தெரியல. காட்டினா அந்த முகம் போயிருமோன்னு இருந்துச்சோ என்னவோ.

ரூபி டீச்சர்கிட்ட கொண்டு போனேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்தாவ.

"இந்தம்மா எதைப் பாக்காங்க சார்?"

"ஒண்ணையும் பாக்கல. சும்மா இருந்தா."

"அதான்"னாவ. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாவ. "வந்துட்டு சார். நிழல் வந்துட்டு."

டிசம்பர் மாசம் ஒரு ஸ்கூல் ஹாலை வாங்கிக் கண்காட்சி வச்சாவ. பழைய மாணவர், புது மாணவர் எல்லார் படமும் உண்டு. நான் படத்துப் பக்கத்துலயே நின்னு வந்தவங்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். ஒரு பொம்பளை நின்னு பாத்துட்டு, "எவ்வளவு நிம்மதியா இருக்காங்க"ன்னாவ. "அது நான் கூட இருக்கிற நிம்மதி"ன்னேன். பின்ன? ஒரு குடும்பத்தலைவன் மாடியில இருக்கான்னா கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு தைரியம் உண்டுல்லா?

செண்பகம் வந்தா. படத்தைப் பாத்தா. அப்படியே நின்னுட்டா. நான் பக்கத்துல போனேன்.

"எப்ப வரைஞ்சிய?"

"ஐப்பசியில. படியில இருந்து."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"ஒண்ணரை மணி நேரமும் நீங்க அங்கனயா இருந்திய?"

"ஆமா."

"பேசாமலா?"

"பேசாமத்தான்."

சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைச்சா சார். துடைச்சிட்டு என்னைப் பாத்தா. நான் நிழலைப் பத்திக் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாம்னு நினைச்சேன். ஏனோ சொல்லல. ரெண்டு பேரும் அப்படியே நின்னோம்.

சாயங்காலம் பரிசு அறிவிப்பு. மதுரையில ஓவியம் சொல்லிக் குடுத்து ஓய்வு பெத்த அருளப்பன்னு ஒருத்தர்தான் நடுவர். முதல் பரிசு பூதலிங்கம்னு சொன்னார். மேடையில ஏறிட்டேன். கோப்பை கையில வரப்போகுது. அப்ப ரூபி டீச்சர் மைக்கைப் பிடிச்சு, "இனி பூதலிங்கம் சாருக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணும் பாக்கி இல்ல. இன்னையோட அவங்க வகுப்பு முடிஞ்சுது. இனி நிம்மதியா வீட்டுல இருக்கலாம்"னாவ. எல்லாரும் கை தட்டுதாங்க.

"நிறுத்துங்க!"

யாருன்னு பாத்தா செண்பகம். நாலு பேர் இருக்கிற இடத்துல வாய் திறக்காதவ. மூணாவது வரிசையில எந்திரிச்சு நிக்கா.

"அந்தப் படத்துக்குப் பரிசு குடுக்காதிய. கழுத்துல நிழல் சரியில்ல."

 நான் கோப்பைக்கு நீட்டின கையோட அப்படியே நிக்கேன். அருளப்பன் சார் மரியாதையாச் சொன்னார், "அம்மா, வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருது. தாடைக்குக் கீழே அவ்வளவு இருட்டு இருக்கத்தான் செய்யும். நான் முப்பது வருஷம் இதைச் சொல்லிக் கொடுத்தவன்."

"இருக்கலாம். கழுத்து என்னோடதுல்லா."

ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் ஹாலே சிரிச்சுது. அவ சிரிக்கல. "அவங்க இன்னும் படிச்சு முடிக்கல சார். நான் தினமும் பாக்கேன், எனக்குத் தெரியும். இப்பப் போயி முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு அனுப்பாதிய. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்"னா. குரல் நடுங்குது. அவ்வளவு உணர்ச்சி.

ரூபி டீச்சர் அவளைப் பாத்தாவ. அவ ரூபி டீச்சரைப் பாத்தா. ரெண்டு பொம்பளைகளும் ஒரு நிமிஷம் அப்படியே பாத்துக்கிட்டாங்க. அப்புறம் டீச்சர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "அம்மா சொல்லுறது நியாயந்தான். என் மேல தப்பு. கழுத்துல விழுற நிழல் கறுப்பே கிடையாது, நீலம். பென்சில்ல அது வராது. கலர் படிக்கணும்"னாவ.

"கலருக்கு எத்தனை நாள் ஆகும் டீச்சர்?" செண்பகம் நின்னுக்கிட்டே கேக்கா.

"வாட்டர் கலருக்கு மூணு வருஷம்."

"அதுக்கு அப்புறம்?"

"ஆயில் இருக்கு."

"ஆயிலுக்கு?"

"அதுக்கு முடிவே கிடையாதும்மா."

செண்பகம் மேடையைப் பாத்துக் கும்பிட்டுட்டு உக்காந்துட்டா. பரிசையும் எனக்கே குடுத்துட்டாங்க, அது வேற விஷயம்.

ஆனா எனக்கு மனசு ஆறல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் மாடிக்கே போகல. அடுக்களையிலேயே முக்காலி போட்டு உக்காந்து, "நீ எப்படி அப்படிச் சொல்லலாம்"னு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கேட்டேன்.  அஞ்சறைப் பெட்டி வேற கலைஞ்சு கிடந்துச்சு, அதையும் சரி பண்ணிக் குடுத்தேன். மூணாம் நாள் காலையில எந்திரிச்சா ஆளைக் காணும். ஒன்பது மணிக்கு ஆட்டோவுல வந்து இறங்குதா. கையில கலர்ப் பெட்டி, பிரஷ், கெட்டித் தாளு. கடை திறக்க முந்தி போய் நின்னிருக்கா சார்! "உங்க திறமை பாதியில நின்னுரக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல"ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. கலர்ப் பெட்டியை வாங்கிக்கிட்டேன். மாடிக்குப் போயிட்டேன்.

படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கினேன். கூடத்துல மாட்டலாம், வர்றவங்க போறவங்க பாப்பாங்கன்னு நான் சொன்னேன். அவ கேக்கல. அடுக்களையில, அடுப்புக்கு எதுத்தாப்புல மாட்டிக்கிட்டா. "இங்க யார் பாப்பா?"ன்னேன். "நான் பாப்பேன்"னா. புகை படியுமேன்னேன். துடைச்சுக்கிடுதேன்னா. தினமும் துடைக்கா. துடைக்கும்போது ஒரு நிமிஷம் நின்னு பாக்கா. என் நிழல்ல அவளுக்கு அப்படி ஒரு மயக்கம்.

இந்தக் கொடைக்கானல் முகாமையும் அவதான் கண்டுபிடிச்சா. வாட்டர் கலர், பத்து நாள், அங்கனயே தங்கி. போன் பண்ணி விசாரிச்சப்ப நான் பக்கத்துல இருந்தேன். "பத்து நாள்தானா? ஒரு மாசம் நடத்த மாட்டியளா?"ன்னு கேக்கா. ஸ்வெட்டர், போர்வை, தைலம், முறுக்கு எல்லாம் நாலு நாளைக்கு முன்னயே எடுத்து வச்சிட்டா.

இன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. நான் எந்த ஊருக்கு மாத்தலாகிப் போனப்பவும் அவ வாசல் தாண்டி வந்ததில்ல. பஸ் கிளம்புற வரைக்கும் வெயில்லயே நின்னா. கண்ணு கூசுதுன்னு நெத்தியில கையை வச்சிருந்தாளா, அந்த நிழல் முகம் பூரா விழுந்துட்டு. ஒண்ணும் தெரியல. ஆனா தோள் ரெண்டும் குலுங்குச்சு சார். நான் பாத்தேன். அழுதுதான் இருப்பா. தலையை வெளிய நீட்டி, "பத்து நாள்தானே செண்பகம்"னு கத்தினேன். அதுக்கு இன்னும் கூடக் குலுங்கிச்சு. வாயைத் தலைப்பு வச்சுப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டா.

அதான் சார் நெஞ்சுக்குள்ள கிடந்து அறுக்கு. அவளை இப்படித் தவிக்க விட்டுட்டு எனக்கு எதுக்கு வாட்டர் கலரு? அந்தா கோவில்பட்டி வந்துட்டு. இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல நிப்பேன். கதவைத் தட்டுதேன், அவ திறக்கா, எப்படி இருக்கும் அவளுக்கு! அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க சார்.

என்ன சார்? ஏன் கையைப் பிடிக்கிய?

போகக் கூடாதா? ஏன்? இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாம வந்த மனுஷன், இப்பப் போயி இப்படிப் பதறுதிய? கழுத்து நிழலா? ஆமா, நீலம்... அது இன்னும் வரலதான். பத்து நாளும் இருந்து படிச்சாத்தான் வருமோ? நீங்களும் அப்படித்தான் சொல்லுதியளா? நான் இறங்குனா உங்களுக்கு ரெண்டு சீட்டு கிடைக்கும், காலை நீட்டிப் படுக்கலாம். அதெல்லாம் வேண்டாம்னு ஒருத்தன் கலைக்காக என் கையை இப்படிப் பிடிக்கான்னா, அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

சரி சார். விடுங்க. இறங்கல.